உலையின் நெருப்பு எவர் கையில்?

எழுவைதீவு இலங்கை வரைபடத்தில் ஒரு புள்ளி. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகேறிக் கடல் கடந்தாலன்றி அங்கு செல்ல வழியில்லை. அரிசியும் படகில் வரவேண்டும். மருந்தும் படகில் வரவேண்டும். நெடுங்காலம் அத்தீவின் விளக்கை எரித்த டீசலும் படகேறியே வந்தது. நாட்டின் பெரு மின்கம்பி அத்தீவை எட்டிப் பார்த்ததில்லை. 2010களின் பிற்பகுதியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சூரியத் தகடும் காற்றாடியும் மின்கலமும் டீசல் இயந்திரமும் ஒருங்கிணைந்த மின்னிலையம் ஒன்று அங்கே எழுந்தது. தீவின் மேல் நாள்தோறும் விழும் வெயிலும், தீவைக் கடந்து வீணே வீசிய காற்றும் முதன்முறையாகத் தீவாரின் வீட்டு விளக்கில் வந்து குடியேறின.

இச்சிறு தீவைக் காட்டிப் பெரியதொரு கேள்வியைத் தமிழ் மக்கள் முன் வைக்கின்றோம். காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களிலும் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என்று 2025 ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்தது. வரட்டும், வரவேற்போம். 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 இல் போரின் நடுவே மூடப்பட்டது. ஒரு தலைமுறை அவ்வாலையின் சங்கொலி கேட்டு வளர்ந்தது. அடுத்த தலைமுறை அதன் இடிபாட்டைப் பார்த்து வளர்ந்தது. வேலையின்றிக் கடல் கடந்து போகும் இளைஞனுக்கு இவ்வலயங்கள் நம்பிக்கை தருமாயின் அதனைப் பழிக்க நாம் யார்?

ஆனால் ஒன்று கேட்கின்றோம். அங்கே எழப்போகும் உலைகளுக்கு நெருப்பு எங்கிருந்து வரும்? கப்பலில் வரும் நிலக்கரியா? கப்பலில் வரும் உலை எண்ணெயா? பீப்பாய் டீசலை நம்பி வாழ்ந்த தீவின் கதையையே பெரிய அளவில் குடாநாடு முழுவதற்கும் எழுதப் போகின்றார்களா? அல்லது வன்னி உழவனின் வயலிலும் வேலியிலும் விளைவது அவ்வுலைகளை மூட்டுமா? ஆலையின் கதவு திறந்தபின் இதனைக் கேட்பது காலங்கடந்த கேள்வியாகும். உலை ஒன்றைக் கட்டினால் முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு அதே எரிபொருளுக்கு அது அடிமை. எனவே அடிக்கல் நாட்டுமுன் கேட்கின்றோம்.

விளக்கு வேறு, உலை வேறு

படித்தோர் சிலர் உடனே விடை சொல்வர்: “எழுவைதீவில் செய்ததை எங்கும் செய்யலாமே, சூரியத் தகடும் காற்றாடியும் போதுமே” என்று. அவர்களுடைய நல்லெண்ணத்தை மதிக்கின்றோம். கணக்கை ஏற்க இயலவில்லை. விளக்குக்கும் விசிறிக்கும் நீர்ப்பம்பிக்கும் வேண்டுவது மின்சாரம். அதற்குக் கதிரவனும் காற்றும் போதும். பரந்தனில் முன்னர் இருந்த இரசாயனத் தொழிற்சாலை போன்ற ஒன்று மீண்டும் எழுந்து, உப்பு நீரிலிருந்து எரிசோடாவும் குளோரினும் எடுக்குமாயின் அதற்கும் மின்சாரமே வேண்டும். அங்கே விறகுக்கு வேலையில்லை.

ஓடு சுடும் சூளைக்கும், சுண்ணாம்புக்கல் நீற்றும் சூளைக்கும், சீமெந்து உலைக்கும் வேண்டுவது வெப்பம். ஓட்டுக்கு ஏறத்தாழ 1,000 பாகை. சுண்ணாம்பு நீறுவதற்கு 900 பாகைக்கு மேல். சீமெந்துக் கிளிங்கர் உருகி ஒட்டுவதற்கு 1,450 பாகை. இவ்வெப்பம் இரவு பகலாக, மழை வெயில் பாராமல், மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் ஒரே சீராக நிற்க வேண்டும். “அவ்வெப்பத்தையும் மின்சாரத்தால் உண்டாக்குவோம்” என்பார் உளர். வருங்காலத்தில் அது கைகூடலாம். இன்றைய நிலை யாது? இந்நாட்டின் மிகப்பெரிய மின்னிலையம் நுரைச்சோலையில் வெளிநாட்டு நிலக்கரியை எரித்து 900 மெகாவாற்றுத் திறனோடு நிற்கின்றது. நிலக்கரியை எரித்து மின்சாரமாக்கும்போது அதன் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீணாகின்றது. எஞ்சிய ஒரு பங்கைக் கம்பியில் அனுப்பிக் காங்கேசன்துறையில் மறுபடியும் வெப்பமாக்குவது, கிணற்று நீரைக் கடலில் ஊற்றிவிட்டுக் கடலில் கிணறு தோண்டுவதை ஒக்கும்.

ஆதலால் நம் முடிவைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம். வெயிலும் காற்றும் விளக்குக்கு. விறகிலிருந்து பிறக்கும் வாயு உலைக்கு. விறகுவாயுவை மின்சாரத்துக்காக எரிப்பது விரயம். அதனை உலையிலிருந்து விலக்குவதோ நம் உழவனை அவன் மண்ணில் எழும் ஆலையிலிருந்தே விலக்குவதாகும்.

விறகுவாயு என்பது யாது?

விறகை நேரே எரிக்காமல், போதிய காற்று இல்லாத கலனுக்குள் வைத்துச் சூடேற்றினால் அது முற்றும் எரிவதில்லை. எரியத்தக்க வாயுவாகப் பிரிகின்றது. இவ்வேலையைச் செய்யும் கலனை வாயுவாக்கி என்பர். வெளிவரும் வாயுவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு காபன் மொனொக்சைட். ஐதரசனும் கிட்டத்தட்ட அவ்வளவு. பாதியளவு எரியாத நைதரசன். இயற்கை எரிவாயுவோடு ஒப்பிட்டால் கன மீற்றருக்கு ஏழிலொரு பங்கு வெப்பமே இதில் உண்டு. ஆயினும் ஓட்டுச் சூளைக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் அது போதும். விறகின் சாம்பல் கலனிலேயே தங்கிவிடுவதால் ஓட்டிலும் சுண்ணாம்பிலும் கறை படியாது. குழாய்க் கதவைத் திருகிச் சுடரைக் கூட்டலாம், குறைக்கலாம். அடுப்பில் கட்டை தள்ளிச் சூளை மூட்டுவோனுக்கு இவ்வசதி ஏது?

இது புதுமையும் அன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாது போகவே, தமிழ்நாட்டுத் தெருக்களில் கரிவாயுவால் பஸ்கள் ஓடின. பின்புறம் உலைக்கலத்தைச் சுமந்து சென்ற அந்தப் பஸ்களை முதியோர் நினைவுகூர்ந்து சொல்லக் கேட்டோர் பலர். போர் முடிந்தது, எண்ணெய் மலிந்தது, கரிவாயுவை மறந்தார்கள்.

மறவாதவர்களும் இருந்தனர். பின்லாந்து நாட்டில் பியத்தர்சாரி என்னுமிடத்துக் காகிதக்கூழ் ஆலை 1983 ஆம் ஆண்டிலேயே 35 மெகாவாற்று வாயுவாக்கியை நிறுவி, அவ்வாயுவைச் சுண்ணாம்புச் சூளையில் எரித்தது. சுவீடனில் வாரோ ஆலை 1987 இல் அவ்வழியைப் பின்பற்றியது. 2012 இல் பின்லாந்தின் யொத்செனோ ஆலை 48 மெகாவாற்று வாயுவாக்கியைக் கொண்டு, தன் சுண்ணாம்புச் சூளையில் எரித்துவந்த இயற்கை எரிவாயுவுக்கு மரப்பட்டை வாயுவை மாற்றாக்கியது. அந்நாட்டின் இயற்கை எரிவாயு ருசியாவிலிருந்து குழாய்வழி வந்துகொண்டிருந்தது. 2022 மே மாதத்தில் ருசியா அக்குழாயை மூடியது. தன் முற்றத்து மரப்பட்டையில் நெருப்பு வைத்திருந்தவனுக்கு அந்நாளில் அண்டை நாட்டின் தயவு தேவைப்படவில்லை.

அதே 2022 இல் இலங்கையின் நிலையை எவரும் மறந்திரார். ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க இயலாதென்று அறிவித்தது. எண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசை. சமையல் எரிவாயுவுக்கு வரிசை. மண்ணெண்ணெய் இன்றி மீனவர் படகுகள் கரையில் கிடந்தன. அந்நாளில் காங்கேசன்துறையில் எண்ணெய் உலை ஒன்று எரிந்துகொண்டிருந்தால், அதனை நம்பிய தொழிலாளர் எத்தனை பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பர்? டொலர் இல்லையேல் அணையும் நெருப்பு நமக்கு நெருப்பாகுமா?

தூர நாடுகளைக் காட்டுகின்றோம் என்று குறைகூறுவார்க்கு அண்டை நாட்டையும் காட்டுவோம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் வாயுவாக்கிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். தமிழ்நாட்டு ஓசூரில் எஃகுப் பொருள்களைப் பதப்படுத்தும் உலைகள் எண்ணெய்க்குப் பதிலாக அத்தகைய வாயுவைக் கொண்டு இயங்கியுள்ளன. பாக்கு நீரிணைக்கு அப்பால் ஆகும் காரியம் இப்பால் ஆகாதோ?

மரக்கரி தின்ற காடுகள்

எனினும் ஆர்வத்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. விறகை நம்பிய பெருந்தொழில் காட்டை விழுங்கிய வரலாறும் நம்மவர் நிலத்திலேயே உண்டு.

1830களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். தாது சேலத்திலிருந்து வந்தது. உலைக்கு மரக்கரி காட்டிலிருந்து வந்தது. அருகிலுள்ள காடு தேயத் தேயக் கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று, செலவு ஏறியது. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே உலை அணைந்தது. மைசூர் அரசின் பத்ராவதி இரும்பாலையும் 1923 இல் மரக்கரியைக் கொண்டே உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு இரையானவை மலைநாட்டுக் காடுகள். பின்னர் அதுவும் மின்னுலையை நாடிற்று.

பின்லாந்து வென்றதற்கும் பரங்கிப்பேட்டை தோற்றதற்கும் காரணம் ஒன்றே. பின்லாந்தின் சூளையில் எரிவது ஆலைக்கு வந்த மரத்தின் பட்டை. நெருப்புக்காகத் தனியே ஒரு மரம் வீழ்த்தப்படவில்லை. பரங்கிப்பேட்டையோ நெருப்புக்காகவே காட்டை வெட்டியது. கழிவை எரிப்பவன் நிலைப்பான். முதலை எரிப்பவன் அழிவான். இதனை எழுதிக் கைத்தொழில் அமைச்சின் வாசலில் தொங்கவிட வேண்டும்.

சீமெந்துக் கனவுக்கு ஒரு கணக்கு

இக்கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். நவீன சீமெந்து உலையில் ஒரு தொன் கிளிங்கருக்குத் தேவைப்படும் வெப்பத்தை விறகுவாயுவால் தருவதாயின் கால் தொன்னுக்குச் சற்று அதிகமான உலர்ந்த விறகு வேண்டும். ஆண்டுக்கு 5 இலட்சம் தொன் கிளிங்கர் செய்யும் ஆலை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 30 ஆயிரம் தொன் விறகு. வறண்ட வலயத்தில் ஏக்கருக்கு ஆண்டொன்றில் 4 தொன் உலர்விறகு விளையுமென்று வைத்தால் 32 ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தின் முழு நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு அது! வெங்காயத்தையும் மிளகாயையும் புகையிலையையும் நெல்லையும் பெயர்த்தெறிந்துவிட்டு உலைக்கு விறகு நட உழவன் உடன்படுவானா? உடன்படவும் கூடாது.

இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அக்கல்லிலிருந்தே கரியமில வாயு கிளம்புகின்றது. ஒரு தொன் தூய கல்லுக்கு 440 கிலோ. சீமெந்து ஆலையின் கரியமில வாயுவில் பாதிக்கு மேற்பட்டது கல்லிலிருந்து வருவதேயன்றி எரிபொருளிலிருந்து வருவதன்று. நெருப்பை மாற்றினாலும் அது மாறாது. “விறகுவாயு வந்துவிட்டது, இனிச் சீமெந்து பசுமையானது” என்று நாளை எவரேனும் விளம்பரம் செய்தால் மக்கள் நகைக்கட்டும்.

அப்படியாயின் விறகுவாயுவை எங்கே தொடங்குவது? கணக்கே வழிகாட்டுகின்றது. ஆண்டுக்கு 10 ஆயிரம் தொன் சுண்ணாம்பு நீற்றும் சூளைக்கு ஏறத்தாழ 4 ஆயிரம் தொன் விறகு போதும். அஃது ஆயிரம் ஏக்கரின் விளைவு. அதனை ஒரே இடத்தில் தோட்டமாக நடவேண்டியதுமில்லை. வன்னியின் களிமண்ணை நம்பிய ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை போன்றவை இதனிலும் எளிதாக விறகுவாயுவை ஏற்கும். உலோகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறைகளும் ஏற்கும். சீமெந்து உலை என்றேனும் மக்கள் இசைவோடு எழுமாயின், அங்கும் கல்லை முன்கூட்டி நீற்றும் பகுதிக்கு 900 பாகையே போதும். உலையின் எரிபொருளில் பாதிக்கு மேல் செலவாவதும் அப்பகுதியிலேதான். அதில் ஒரு பங்கை விறகுவாயு தாங்கலாம். முழுவதையும் தாங்கும் என்பவன் கணக்கறியாதவன். ஒன்றையும் தாங்காது என்பவன் நிலக்கரிக் கப்பலுக்குத் தரகு பேசுபவன்.

கிணற்றைக் காத்து நெருப்பை மூட்டுக

குடாநாட்டின் உயிர் அதன் கிணறு. ஆறில்லாத நாடு நம் நாடு. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் இறங்கித் தங்குவதையே நாம் இறைத்துக் குடிக்கின்றோம். இறைத்துப் பயிர் செய்கின்றோம். அப்பாறை நீரைத் தாங்குவதுபோலவே நஞ்சையும் தாங்கும். சுன்னாகத்தில் நடந்தது யாது? எண்ணெயால் இயங்கிய மின்னிலையத்தின் கழிவு நிலத்தடி நீரில் கலந்தது. ஊரார் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. கிணறு இழந்தவனுக்குப் பணம் கிணறாகுமா? எண்ணெயை இம்மண்ணில் இனியும் குவிக்கச் சொல்வோர் சுன்னாகத்தாரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

விறகுவாயுவிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கின்றது. அதனை மறைப்பது மக்களுக்குச் செய்யும் துரோகம். விறகு வாயுவாகும்போது தாரும் பிறக்கும். இயந்திரத்தை ஓட்டி மின்சாரம் எடுப்பதாயின் அவ்வாயுவைக் குளிர்வித்து நீரால் கழுவித் தாரை அகற்ற வேண்டும். கழுவிய நீரில் பீனோல் முதலிய நஞ்சுகள் கலந்திருக்கும். அந்நீர் நம் பாறைக்குள் இறங்கினால் சுன்னாகம் மறுபிறவி எடுக்கும். ஆனால் வாயுவைச் சூடு ஆறுமுன் நேரே சூளைக்குள் செலுத்தினால் தாரும் அங்கேயே எரிந்து வெப்பமாகிவிடும். கழுவும் நீருக்கு இடமே இல்லை. விறகுவாயு விளக்குக்கு ஏற்றதன்று, உலைக்கே ஏற்றது என்று மேலே கூறியதற்கு இதுவும் வலுவான காரணம். குடாநாட்டில் நீரால் வாயு கழுவும் வாயுவாக்கி எதற்கும் அனுமதி வழங்கலாகாது. இது நம் உறுதியான கோரிக்கை.

காபன் மொனொக்சைட் நிறமில்லாதது, மணமில்லாதது, உயிர் குடிப்பது. கசிவை அறியும் கருவியும் பயிற்சியும் இன்றித் தொழிலாளி எவனையும் வாயுவாக்கியின் அருகே நிறுத்தலாகாது. நெருப்பு நமதாயிற்று என்ற மகிழ்ச்சியில் நம் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்க இயலாது.

இலை வயலுக்கு, கொம்பு உலைக்கு

விறகு எங்கே? நம் வேலியிலே. யாழ்ப்பாணத்தானுக்கு வேலியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதியாலாக ஊன்றிய கிளுவையும் பூவரசும் சீமைக்கிளுவையும் ஆண்டுதோறும் தறிக்கப்படுகின்றன. சீமைக்கிளுவை வெட்ட வெட்டத் தளிர்க்கும். அதன் இலை நைதரசன் மிக்க பசளை. இலையை வயலில் தாழ்த்து, கொம்பை உலைக்குக் கொடு என்பதே நம் வாய்பாடு. இலையோடு சேர்த்து வாரிச் செல்ல ஆலைக்காரன் கேட்டால் மறுத்துவிடுக. அவன் கேட்பது விறகையன்று, உன் வயலின் வளத்தை. கிளிநொச்சி அரிசி ஆலைகளில் குவியும் உமி உண்டு. ஊமலும் சிரட்டையும் உண்டு. வாயுவாக்கியில் எஞ்சும் சாம்பலும் கரியும் மீண்டும் தோட்டத்துக்கே வரவேண்டும். அவற்றிலுள்ள சாம்பரச் சத்து உழவனுக்கு உரியது.

தீவுகளின் பங்கு யாது? எழுவைதீவிலும் அனலைதீவிலும் நெடுந்தீவிலும் நிற்பது பனை. பனையை வெட்டி உலையில் வைக்க எவரேனும் எண்ணினால் அவ்வெண்ணத்தை இன்றே எரித்துவிடுக. 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவோடும் ஈரப்பலாவோடும் பெண்பனையையும் காத்து நிற்கின்றது. போர்க்காலத்தில் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் எண்ணிறந்த பனைகளை நாம் இழந்தோம். எஞ்சியவை உலைக்கு அல்ல. ஆனால் தானாக விழும் காவோலையும் கங்குமட்டையும் பன்னாடையும், ஒடியலும் பூரானும் எடுத்தபின் கிடக்கும் ஊமலும் தீவில் உண்டு. அவற்றைப் படகேற்றிக் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோகும் கூலியே அவற்றின் வெப்பத்தை விழுங்கிவிடும். ஆதலால் தீவின் கழிவு தீவிலேயே எரியட்டும்: கருப்பநீர் காய்ச்சும் அடுப்பிலும், கருவாடும் கடலட்டையும் பதப்படுத்தும் கொட்டகையிலும் சிறு வாயு அடுப்புகளாக எரியட்டும். பெருந்தொழிலின் பெயரால் தீவின் ஓலையைக்கூட அள்ளிச் செல்லும் திட்டத்துக்கு நாம் உடன்பட மாட்டோம்.

நான்காவது தோட்டப் பயிரா?

2005 ஆம் ஆண்டில் இலங்கை அரசு தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவது தோட்டப் பயிராகச் சீமைக்கிளுவையை அறிவித்தது. அச்சொல்லைக் கேட்டதும் நம் நெஞ்சு திடுக்குறுகின்றது. தோட்டப் பயிர்! தேயிலைத் தோட்டப் பயிராயிற்று. அதனை நட்டு வளர்த்த மலையகத் தமிழருக்குக் கிடைத்தது யாது? லயன் அறையும், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும். தோட்டம் என்பது நிலம் ஒருவனிடமும் உழைப்பு இன்னொருவனிடமும் இலாபம் மூன்றாமவனிடமும் இருக்கும் ஏற்பாடு. உலைக்கு விறகு தரும் மரம் அவ்வழி சென்றால் எண்ணெய்க் கப்பலுக்கு அடிமையாய் இருந்ததற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

உழவர்களிடமிருந்து விறகு வாங்கி ஆலை நடத்த இயலும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. திருகோணமலையில், வெளிநாட்டிலிருந்து வரும் கிளிங்கரை அரைக்கும் சீமெந்து ஆலை 2008 இல் 10 மெகாவாற்று மின்னிலையத்தை நிறுவி உமியையும் சீமைக்கிளுவை விறகையும் எரித்தது. ஆகவே “விறகு சேர்ப்பது இயலாது” என்னும் சாக்கு செல்லாது. கேள்வி விலையைப் பற்றியது. விலையை எவர் நிர்ணயிப்பது என்பதைப் பற்றியது.

பச்சை விறகில் பாதி நீர். ஈரத்தோடு தராசில் ஏற்றி வாங்கி, “ஈரம் அதிகம்” என்று ஆலைக்காரன் தன் விருப்பப்படி கழித்துக்கொள்வதே இத்தொழிலின் பழைய சூது. இதனை முறியடிக்கும் வழி நம் கையில் உண்டு. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு புதிதன்று. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களே விறகைக் கொள்வனவு செய்து, துண்டாக்கி, உலர்த்தி, ஈரம் அளந்து ஆலைக்கு விற்கட்டும். தராசும் ஈரமானியும் சங்கத்தின் கையில் இருக்கட்டும். விலைக்கு ஒரு நியாயமான அளவுகோலும் உண்டு: ஏறத்தாழ மூன்று தொன் உலர்விறகு வாயுவாகி ஒரு தொன் உலை எண்ணெயின் வெப்பத்தைத் தருகின்றது. ஆலைக்காரன் எண்ணெய் வாங்கியிருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் பணத்தில் ஒரு பங்கு விறகு தந்தவனைச் சேரவேண்டும். எண்ணெய் விலை ஏறும்போது விறகின் விலையும் ஏறவேண்டும். ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இல்லையேல் உழவன் கையொப்பமிட வேண்டாம்.

தீவார் கேட்கப்படாத கதை

ஒப்பந்தத்தை வலியுறுத்துவது ஏன் என்பார்க்கு எழுவைதீவின் அயல் தீவுகளையே காட்டுவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்று, சூரிய மின்னிலையம் அமைக்க 2021 சனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கு அமைச்சரவை அனுமதி அளித்தது. இந்தியா மறுப்புத் தெரிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணங்காட்டித் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம். பேசியவர்கள் கொழும்பு, பீஜிங், புதுடில்லி. தம் தலைமேல் விழும் வெயிலைப் பற்றி மூன்று தலைநகரங்கள் வாதிட்டபோது, தீவாரை அழைத்து “உங்கள் கருத்து யாது?” என்று கேட்டவர் எவர்? நன்கொடையைப் பழிக்கவில்லை. எவருடைய முற்றத்து வளமோ அவரைக் கேளாமல் அதனைப் பங்கிடும் வழக்கத்தையே பழிக்கின்றோம். வெயிலுக்கு நேர்ந்தது விறகுக்கும் நேரலாகாது.

ஆகவே அரசாங்கத்திடமும், வடக்கு மாகாணத்தின் பெயரால் பேசும் தமிழ்ப் பிரதிநிதிகளிடமும் ஐந்து கோரிக்கைகளை வைக்கின்றோம்.

ஒன்று: மூன்று வலயங்களிலும் உலை கட்ட விரும்பும் எந்நிறுவனமும் விறகுவாயுச் சுடருக்கேற்ப உலையை வடிவமைத்தே அனுமதி பெறவேண்டும். நிலக்கரிக்கு மட்டுமே உரிய உலைக்கு அனுமதி இல்லை.

இரண்டு: ஓட்டுச் சூளையிலும் சுண்ணாம்புச் சூளையிலும் முதலில் தொடங்குக. சீமெந்து உலையைப் பற்றிக் கல்லகழ்வையும் கிணற்று நீரையும் ஆராய்ந்து மக்கள் முடிவு செய்தபின் பேசுக.

மூன்று: குடாநாட்டில் நீரால் வாயு கழுவுவதை முற்றாகத் தடை செய்க.

நான்கு: பனையையும் வன்னிக் காட்டையும் எரிபொருட் பட்டியலிலிருந்து சட்டத்தால் நீக்குக.

ஐந்து: கொள்வனவு கூட்டுறவின் வழியே, நிறுவை உலர்நிறையில், விலை எண்ணெய் விலையோடு பிணைந்து.

தமிழ்ப் பொறியியலாளரே! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியிலேயே இருக்கின்றது. நெல்வயலும் அரிசி ஆலையும் அதன் அயலில் உள்ளன. நம் உமிக்கும் நம் கொம்புக்கும் ஏற்ற வாயுவாக்கியை வடிப்பது உங்கள் கடமை. பிற நாட்டில் தேவதாரு மரப்பட்டைக்காகச் செய்த கலனை விலைகொடுத்து வாங்கி வந்து, நெல் உமியின் சாம்பல் அடைத்துக்கொண்டதென்று பின்னர் கைவிரிக்கும் நாடகம் நமக்கு வேண்டாம். வழக்கறிஞரே! உழவன் முன் வைக்கப்படும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துச் சொல்வது உங்கள் கடமை. உழவர் பெருமக்களே! வேலிக் கதியாலை இனி வெறும் வேலியாகப் பாராதீர். விலை பேசுமுன் சங்கமாகச் சேருங்கள், சேருமுன் கையொப்பமிடாதீர்கள்.

காவோலை விழக் குருத்தோலை சிரித்தது என்பது நம் மூதாதையர் மொழி. எண்ணெயின் காலம் காவோலையாக ஆடிக்கொண்டிருக்கின்றது. அதனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் போதாது. வலயங்களுக்கு வேலியடிக்கும் வேலை தொடங்குமுன், உலையின் நெருப்பு எவர் கையில் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கியாக வேண்டும். அந்த எழுத்து இல்லாத அடிக்கல் விழாவுக்கு மாலையோடு செல்லும் தமிழ்ப் பிரதிநிதியை, மறுநாள் வாக்குக் கேட்டு வரும்போது அவ்வாலையின் வாசலிலேயே நிறுத்தி இக்கேள்வியைக் கேளுங்கள்.